"நகத்தை எடுக்க மாட்டோம்" என்றார்கள், நம்பிவிட்டேன்

சோபாவைப் பூனை கிழிக்கிறது என்று கிளினிக்குக்குப் போகிறீர்களா? அங்கே யாராவது "நகம் எடுக்காமலே சரி பண்ணிடலாம், சின்ன வேலைதான்" என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன்.

நகம் எடுப்பதைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். பெயர்தான் நகம், வெட்டி எடுப்பதோ விரலின் கடைசி எலும்பை. நகம் அந்த எலும்பிலிருந்தே வளர்கிறது. நம் விரல்களை நுனிக் கணுவோடு நறுக்குவதைப் போல. அது வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. நகம் அப்படியே இருக்கும், பிராண்ட மட்டும் வராது" என்று ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். படித்தேனா என்று கேட்காதீர்கள்.

அவர் செய்தது தசைநாண் வெட்டு. நகத்தை வெளியே நீட்ட உதவும் நாணை விரல் விரலாக அறுத்துவிடுவது. என் பூனை மீனு வீட்டுக்கு வந்து சில நாள் நொண்டினாள். அப்புறம் பழையபடி சோபாவிடம் போய் எம்பி நின்று முன்கால்களை இழுத்தாள். சத்தமே வரவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சில மாதங்களில் ஒரு காலைத் தரையில் ஊன்ற மறுத்தாள். வேறு டாக்டரிடம் தூக்கிப் போனோம். பிராண்டும்போதுதான் நகத்தின் பழைய மேலுறை கழன்று விழுமாம். இவளுக்கு அது கழலாமல் நகம் தடித்து, வளைந்து, பாதத்தின் சதைக்குள் இறங்கியிருந்தது. இனி ஆயுள் முழுக்க நாங்கள்தான் வெட்டிவிட வேண்டும். முதல் டாக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் கேட்டால், "கையெழுத்துப் போட்டீங்களே" என்கிறார். நியூயார்க் மாநிலம் 2019இல் நகம் எடுப்பதைத் தடை செய்தபோது, மருத்துவத் தேவைக்கு மட்டும் விலக்கு வைத்து, இந்த நாண் வெட்டையும் அதே சட்டத்தில் சேர்த்துத் தடுத்துவிட்டது. அதைத்தான் எனக்கு மாற்று வழி என்று விற்றிருக்கிறார்கள்.

வீட்டில் பிராண்டுவதற்குக் கம்பம் இருக்கிறதா என்றுகூட அந்த ஆள் கேட்கவில்லை. இருந்தது. முழங்கால் உயரம், தொட்டால் ஆடும். பூனை உடம்பை நீட்டிச் சோம்பல் முறிக்கவும், பாதத்துச் சுரப்பிகளால் தன் வாசனையைப் பதிக்கவும்தான் பிராண்டுகிறது. ஆடுகிற குச்சியை அது ஏன் சீண்டப்போகிறது?

பிறகு வந்த கருப்பனுக்கு இரண்டாவது டாக்டர் சொன்னபடி செய்தோம். மூன்றடி உயரத்தில், முரட்டுக் கயிறு சுற்றிய, அசையாத கம்பம். அதை மூலையில் ஒளித்து வைக்காமல், அவன் கிழித்துக்கொண்டிருந்த சோபாக் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். கைப்பிடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். பாதத்தில் பிசுபிசுப்பது பூனைகளுக்குப் பிடிக்காது. கம்பத்தில் கை வைத்தால் உடனே தீனி. திட்டுவதில்லை, திட்டினால் நாம் இல்லாத நேரம் பார்த்துக் கிழிக்கும். தூங்கி எழுந்ததும் பிராண்டும் பழக்கம் இருப்பதால் படுக்கும் இடத்தருகே ஒரு தடித்த அட்டை. நகத்தின்மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் உறையும் உண்டு. நகம் வளர வளர விழுந்துவிடும், நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை புதிதாக ஒட்ட வேண்டும். கருப்பன் அதை ஒரே நாளில் கடித்துத் துப்பிவிட்டான், சரி, விட்டுவிட்டோம்.

எந்தக் கிளினிக்காக இருந்தாலும், பேனாவை எடுக்கும் முன் இதை மட்டும் கேளுங்கள்: எதை வெட்டப் போகிறீர்கள், எலும்பையா, நாணையா? பதில் மழுப்பலாக வந்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

மீனுவுக்கு இன்று நகம் வெட்டும் நாள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் படாமல் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். மூன்று விரல் முடிந்ததும் காலை உருவிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். முன்கால்களில் மீதி ஏழு நகமும் நாளைக்கு.