கொலஸ்ட்ரால் ரியேஜெண்ட் கிட்: குளிர்ச்சியோடு வந்தால் தாராளமாக வாங்கலாம்

எங்கள் சிறிய லேபில் கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு இப்போது வாங்குவது, ஒரே பாட்டிலில் கலந்து வரும் திரவ ரியேஜெண்ட் (பரிசோதனை வினைப்பொருள்) கிட். தூளைக் கரைக்கும் வேலை இல்லை. 1000 மைக்ரோலிட்டர் ரியேஜெண்டில் 10 மைக்ரோலிட்டர் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்), 37 டிகிரியில் 5 நிமிடம், 505 நானோமீட்டரில் ரீடிங். படிக்கிற காலத்தில், இதே பரிசோதனையின் பழைய முறையில், அசிட்டிக் அன்ஹைட்ரைடின் நெடியில் கண் எரிய, அடர் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பச்சை நிறத்துக்குக் காத்திருந்தவள் நான். அந்தத் தொல்லையைத் தீர்த்தது கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் என்ற நொதி. பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது.

அது கொலஸ்ட்ராலை ஆக்சிஜனேற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. கூடவே இருக்கும் பெராக்சிடேஸ் அதைக் கொண்டு சிவப்புச் சாயத்தை உருவாக்குகிறது. அளவு தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டை (டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம்) வைத்துப் பாருங்கள். 5 நிமிடத்தில் நிறம் ஏறி நின்றுவிடுகிறது. பத்தாவது நிமிடத்திலும் ரீடிங் நகர்வதில்லை. இந்தக் கிட் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

குறை, வந்து சேரும் விதத்தில். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி, ஒரு கோடையில் ஐஸ் பேக் முழுவதும் உருகி, வெதுவெதுப்பாக வந்தது. ஸ்டாண்டர்ட் சரியாகவே காட்டியது. மதிப்பு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரத்தின் ரீடிங் மட்டும் மிகவும் குறைந்தது. இரத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கொழுப்பு அமிலத்தோடு இணைந்த எஸ்டராக இருக்கிறது. கிட்டில் உள்ள இன்னொரு நொதியான எஸ்டரேஸ் அதைப் பிரித்துக் கொடுத்தால்தான் ஆக்சிடேஸுக்கு வேலை. இந்தக் கிட்டின் ஸ்டாண்டர்டில் இருப்பதோ எஸ்டராகாத கொலஸ்ட்ரால். எஸ்டரேஸ் கெட்டுப்போயிருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. கன்ட்ரோல் போடாத லேபில் 240 உள்ளவருக்கு 190 என்று ரிப்போர்ட் போய்விடும். அவரும் மருந்து வேண்டாம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். நினைத்தாலே பதறுகிறது. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதிக அளவில் வைட்டமின் சி எடுப்பவர்களுக்கும் ரீடிங் குறையலாம். இது இந்த முறைக்கே உள்ள குணம், கிட்டின் மேல் பழியில்லை.

தினமும் சில சாம்பிள்களே வரும் லேப் என்றால் சிறிய பாட்டிலே போதும். பிளாங்க் (சீரம் சேர்க்காத வெறும் ரியேஜெண்ட்) சிவக்கத் தொடங்கினால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். தயாரிப்பாளர்களுக்கு ஒரு கோரிக்கை: வழியில் சூடேறினால் நிறம் மாறிக் காட்டும் வில்லை ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டி அனுப்புங்கள். அதற்காக விலை சற்று ஏறினாலும் நான் வாங்குவேன்.