16 ஓம் என்ற எழுத்தும் மூன்று அம்ப்ளிபயர்களும்

கிளிநொச்சியில் சவுண்ட் சேவிஸ் நடத்தும் தம்பி ஒருவர் ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்துவிட்டு, “16 ஓம் எண்டுதானே அண்ணை போட்டிருக்கு, எதையும் கொழுவலாம்” என்றார். திருவிழாவுக்கு அவர் பனையில் கட்டும் கோர்னிலும் அதே 16 ஓம்தான். ஆனால் கோர்னுக்குள் இருப்பது கம்பிச்சுருள். லண்டன் அத்தான் அனுப்பிய இந்த நிலைமின் ஸ்பீக்கருக்குள் துளையிட்ட தகடுகளும் அவற்றின் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளும்தான் இருக்கின்றன. பள்ளியில் இதைக் கொள்ளளவி என்று படித்தோம், கடையில் கொண்டென்சர் என்கிறோம்.

ஆங்கிலேயப் பொறியியலாளர் பீற்றர் வாக்கர் 1957இல் குவாட் என்ற கம்பனிப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த மாதிரி இது. தாழ்சுரப் பகுதியின் தாளுக்கு 6000 வோல்ட் மின்னேற்றம். அடிச்சுரத்தில் 30 ஓம் அளவில் நிற்கும் இம்பீடன்ஸ் (பாட்டின் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு), 18 கிலோஹெர்ட்ஸில் 1.8 ஓமுக்கு இறங்கிவிடும். அதாவது அந்த இடத்தில் ஸ்பீக்கரை ஓட்டும் அம்ப்ளிபயருக்கு, நாங்கள் சொல்லும் அம்புக்கு, தெரிவது கிட்டத்தட்ட 5 மைக்ரோபரட் கொண்டென்சர். தாளின் சொந்தக் கொள்ளளவு சிறியதுதான். உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமர் வோல்டை எத்தனை மடங்கு ஏற்றுகிறதோ, அதன் வர்க்க மடங்காக அதைப் பெருக்கிக் காட்டுகிறது.

வீட்டில் மூன்று அம்ப் இருந்தன. முதலில் வால்வ், கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய வகை. இந்த ஸ்பீக்கருக்குத் துணையாக அக்காலத்தில் வந்ததும் 15 வாட் வால்வ் அம்ப்தான். கொண்டென்சர் சுமை கண்டு அது பதறுவது குறைவு. குறை வேறிடத்தில். அம்பின் வெளியீட்டுத் தடை 2 ஓம் என்றால், 18 கிலோஹெர்ட்ஸில் வோல்டில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே போய்விடும். சலங்கை ஒலி மந்தமாகும். வால்வ் அம்பின் பின்னால் 4, 8, 16 ஓம் என்று மூன்று முனைகள் உண்டு. 4 ஓம் முனையில் கொழுவினால் அந்தத் தடை 16 ஓம் முனையில் இருந்ததில் கால்வாசியாகும், ஆனால் வோல்ட் பாதியாகும். 15 வாட்டுக்கு 15.5 வோல்ட் கிடைத்த இடத்தில் 7.75தான். இந்த ஸ்பீக்கர் கேட்பதோ வோல்ட். நடுவிலுள்ள 8 ஓம் முனையில் விட்டுப் பாருங்கள், என் காதுக்கு அதுதான் சரி.

ட்ரான்சிஸ்டர் அம்பில் மேல்சுரம் குறையாது, வெளியீட்டுத் தடை அவ்வளவு சிறியது. ஆனால் அம்ப் தன் வெளியீட்டில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே எடுத்துப் பிழை திருத்தும், அதுதான் பின்னூட்டம்; கொண்டென்சர் சுமை அதைப் பிந்த வைக்கும். சில அம்புகள் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாடத் தொடங்கும். பாட்டே போடாமல் ஹீட்சிங்க் கை வைக்க முடியாமல் சுட்டபோதுதான் எனக்கு விளங்கியது. ஸ்பீக்கர் வயரில் தொடராக 1 ஓம் தடை, 10 வாட் தாங்குவது, ஒன்றைப் போட்டேன். அடங்கியது. 18 கிலோஹெர்ட்ஸில் அதனால் போவது 1.2 டெசிபல், அந்த உயரத்தில் என் வயதுக்காரருக்கு என்ன கேட்கப்போகிறது! ஒரு எச்சரிக்கை: பெரிய அம்ப் வேண்டாம். இந்த ஸ்பீக்கரின் உச்ச எல்லை 33 வோல்ட். 8 ஓமுக்கு 100 வாட் தரும் அம்ப் உச்சத்தில் 40 வோல்ட் வரை போகும். பொறி பாய்ந்து தாள் ஓட்டையாகும்.

சோலர் பற்றரியில் ஓடும் சின்ன டி வகுப்பு போர்ட்தான் மூன்றாவது, மின்னை வேகமாகப் போட்டு நிறுத்திப் பாட்டாக்கும் வகை. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட வன்னிக்காரனுக்கு அதில் ஆசை வராமல் இருக்குமா? கரண்ட் சிக்கனம், சூடும் இல்லை. ஆனால் அந்த வெட்டலை அகற்றும் வெளியீட்டு வடிகட்டி சாதாரண ஸ்பீக்கரை எண்ணிச் செய்தது. 10 மைக்ரோஹென்றி சுருளும் 0.68 மைக்ரோபரட்டும் என்றால் அது தானாகப் பொங்கும் ஒத்திசைவு அதிர்வெண் 61 கிலோஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாது. ஸ்பீக்கரின் 5 மைக்ரோபரட் சேர்ந்ததும் அது 21 கிலோஹெர்ட்ஸுக்கு, கேட்கும் எல்லைக்கு அருகே, வந்துவிடும். மேல்சுரம் கீச்சிட்டது, கொஞ்ச நேரத்தில் காப்புச் சுற்று அம்பை நிறுத்தியது. வடிகட்டிக்கு அப்பால் பின்னூட்டம் எடுக்கும் வகைகள் இதைவிட நன்றாகத் தாங்கும். என்னிடம் இருந்தது அந்த வகையல்ல.

இப்போது சோளகக் காலம். பின்னேரம் வரை ட்ரான்சிஸ்டரும் அந்த 1 ஓம் தடையும்தான் வேலை செய்கின்றன. இந்த வெக்கையில் வால்வை ஏற்றினால் அறைக்குள் இருக்க முடியாது. மாரிக்கு வால்வை எடுக்கலாம் என்றால், அப்போது தாள் ஈரம் பிடித்து, ஏற்றம் கசிந்து, சத்தமே இறங்கிவிடும்.