எந்த ரூபாய்? ஏஐ ஏஜென்டுக்கு நாணய மாற்றுக் கருவி தேடியபோது

இலங்கையின் மலையூரான எல்லயில் சித்தி நடத்தும் நான்கு அறை ஹோம்ஸ்டேக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்டைப் போட்டுக் கொடுத்தேன். அறை காலியா, ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தே போகலாமா என்பதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னது. காசு விஷயத்தில் மாட்டிக்கொண்டது. 15,000 ரூபாய் அறைக்கு ஒருவர் டொலரில் விலை கேட்க, 75 என்று சொல்லிவிட்டது. டொலர் 300 ரூபாயை ஒட்டி இருக்கும் காலத்தில் அது 50 அல்லவா?

"ஏன் தம்பி, நல்லா பேசிட்டு வராமப் போயிட்டாங்க?" என்று சித்தி கேட்ட பிறகுதான் உரையாடலைத் திறந்து பார்த்தேன். ஏஜென்ட் எங்கேயும் வீதத்தைத் தேடவில்லை. படித்த பழைய எழுத்துகளில் இருந்த 200 ரூபாயையே எடுத்துக்கொண்டது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தும்வரை டொலர் 200 ரூபாய் அளவில்தான் நின்றது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இத்தனை விலைகளையும் கலந்து படித்த ஏஐ மாதிரியின் ஞாபகத்தை நம்பிப் பயனில்லை. சரி, கருவி வேண்டும். எது?

முதலில் இலவசமாகக் கிடைப்பவை. இவற்றில் சில, ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதப் பட்டியலை மட்டுமே நம்பி ஓடுகின்றன. வேலை நாட்களில் அங்கே மாலை 4 மணியளவில் அது வெளியாகும். நமக்கு அப்போது இரவு 8.30, அவர்களுடைய கோடையில் 7.30. சுத்தமான பட்டியல்தான். ஆனால் அதில் உள்ள சுமார் முப்பது நாணயங்களில் இலங்கை ரூபாய் இல்லை, இந்திய ரூபாய் இருக்கிறது.

எனக்குப் பெரிய அபாயமாகப் பட்டது இதுதான். கருவி "இல்லை" என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை. தமிழில் "ரூபாய்" என்று வரும்போது, பட்டியலில் இருக்கும் ஒரே ரூபாயை ஏஜென்ட் பிடித்துக்கொண்டால்? இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம் ரூபாய் மூன்றுக்கு மேல் வரும். சோதித்தபோது என்னுடையது ஒருமுறை அதைத்தான் செய்தது, அதுவும் கொஞ்சமும் தயங்காமல். அதற்கப்புறம் நாணயத்தின் மூன்றெழுத்துக் குறி இல்லாமல் எந்தக் கணக்கும் ஓடாதபடி பூட்டிவிட்டேன்.

அடுத்தது, கணக்குத் திறந்து சாவி, அதாவது நம்மை அடையாளம் காட்டும் ரகசியக் குறி, வாங்கும் சேவைகள். எக்ஸ்சேஞ்ச்ரேட்-ஏபிஐயின் இலவசத் திட்டத்தில் மாதம் 1,500 அழைப்புகள் (ஒருமுறை வீதம் கேட்பது ஓர் அழைப்பு). வீதம் நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஓப்பன் எக்ஸ்சேஞ்ச் ரேட்ஸில் 1,000 அழைப்புகள்தான், ஆனால் மணிக்கொருமுறை புதிய வீதம். அதன் இலவசத் திட்டத்தில் எல்லாமே டொலரை வைத்துத்தான் வரும். யூரோவுக்கு டொலர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அந்த வகுத்தலை ஏஜென்டிடம் விடாமல் நாலு வரி நிரலிடம் கொடுங்கள். இரண்டிலும் இலங்கை ரூபாய் உண்டு. காலையில் ஒருமுறை எடுத்துச் சேமித்து வைத்தால் மாதம் 31 அழைப்புக்கு மேல் போகாது.

இப்போது பேச்சாக இருப்பவை காசு கட்டும் கருவிகள், அதிலும் அழைப்புக்கு அழைப்பு ஏஜென்டே காசு கட்டுபவை. இணைய நெறிமுறையில் "கட்டணம் தேவை" என்று பொருள்படும் 402 என்ற எண் பல்லாண்டுகளாகச் சும்மாவே கிடந்தது. 2025 மே மாதம் மெய்நிகர் நாணயச் சந்தை நிறுவனமான கொயின்பேஸ் அதை எடுத்து எக்ஸ்402 என்ற முறையை வெளியிட்டது. ஏஜென்ட் வீதம் கேட்கும். சேவையகம் 402 என்று விலை சொல்லும். ஏஜென்ட் தன் பணப்பையிலிருந்து, டொலர் மதிப்பை ஒட்டிய யூஎஸ்டிசி என்ற மெய்நிகர் நாணயத்தில் கட்டிப் பதிலை வாங்கும். கணக்கும் வேண்டாம், சாவியும் வேண்டாம். யோசனை அழகு.

ஆனால் அந்தப் பணப்பையை இங்கிருந்து நிரப்புவது எப்படி? இலங்கை மத்திய வங்கியின் 2021ஆம் ஆண்டு 3ஆம் இலக்கப் பணிப்பின்படி, மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்கு நம் வங்கி அட்டைகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதைத் தாண்டினாலும் செலவு இருக்கிறது. அழைப்புக்கு ஒரு அமெரிக்க சதம் என்று வைத்தால் நாளுக்கு 100 அழைப்புக்கு ஒரு டொலர், மாதம் 30 டொலர். மூன்று இரவுக்கு விலை கேட்டால் என் ஏஜென்ட் மூன்று முறை வீதம் தேடும் ஆள். உச்சவரம்பு போடாமல் பணப்பையைக் கையில் கொடுக்கவே மாட்டேன்.

அப்படியே வாங்கினாலும், விலையை விடப் பதிலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: எந்த நேரத்து வீதம், எங்கிருந்து எடுத்தது, தசமத்தை எப்படி முறிக்கிறது. யென்னுக்குத் தசமமே கிடையாது. குவைத் தினாருக்கு மூன்று இலக்கம். தோட்டங்களில் குவைத்துக்கு ஆள் போன வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று, இந்தச் சேவைகள் பொதுவாகத் தருவது நடுவீதம், அதாவது வாங்கும் வீதத்துக்கும் விற்கும் வீதத்துக்கும் நடுவில் இருப்பது. விருந்தாளி டொலராகவே நீட்டி, சித்தி அதை வங்கியில் மாற்றினால் கிடைப்பது வாங்கும் வீதம். அது எப்போதும் குறைவு. காசு கட்டிய கருவி என்பதற்காக இந்த இடைவெளி மூடாது. இலங்கை மத்திய வங்கியின் தளத்தில் வாங்கும் வீதமும் விற்கும் வீதமும் தனித்தனியாக இருக்கின்றன, இலவசமாகவே.

பத்து நாணயங்களில் நாள் முழுக்க விலை அனுப்பும் நுவரெலியாச் சுற்றுலா நிறுவனம் என்றால், மாதச் சந்தா கட்டும் திட்டத்தையே சொல்வேன். நான்கு அறைக்கு இலவசச் சாவி போதும். இப்போது சித்தி காலையில் வங்கிப் பலகையில் பார்த்த வாங்கும் வீதத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறார். ஏஜென்ட் அதைத்தான் எடுக்கிறது. அவர் மறந்த நாளில் சேவையின் வீதத்திலிருந்து ஒரு ரூபாயைக் கழித்துக்கொள்கிறது. அந்த ஒரு ரூபாய் சித்தி சொன்ன கணக்கு.