பிறை ஃபார்ம்வொர்க் வாடகைக் கம்பெனி: சுவருக்குச் சபாஷ், பில்லுக்கு உஷார்

பினாங்குத் தீவில் ஒரு கல்லூரிக்கு வகுப்பறைக் கட்டடம் கட்டினோம். ஃபார்ம்வொர்க்கும் (காங்கிரீட்டை ஊற்றி இறுகவைக்கும் பலகை அச்சு) அதைத் தாங்கும் முட்டுச் சாமானும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருக்கும் பிறையில் ஸ்டோர் வைத்திருக்கும் ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தோம். பெயர் வேண்டாம், கணக்கு இன்னும் தீரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லாபிச் சுவருக்குப் பூச்சே கிடையாது, காங்கிரீட் அப்படியே தெரியணும் என்று ஆர்க்கிடெக்ட் பிடிவாதம். இதுமாதிரி வேலைக்குப் பலகையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இவர்கள் வரைபடமே போட்டுக் கொடுத்தார்கள்: பேனல் இணைப்பு ஜன்னல் விளிம்போடு நேராக வரும், டை ராடு (இருபக்கப் பலகையையும் இழுத்துப் பிடிக்கும் கம்பி) துளைகள் ஒரே வரிசை. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எல்லாம் புதுசு. பழசும் புதுசும் கலந்தால் தண்ணீர் உறிஞ்சுவது மாறும், சுவர் இரண்டு நிறத்தில் நிற்கும். காங்கிரீட் ஒட்டாமலிருக்கப் பலகையில் தடவும் எண்ணெயைக்கூடத் துணியால் துடைத்து மெல்லிசாக விடச் சொன்னார்கள். ஒரு மூலையில் மட்டும் இணைப்பை அடைக்கும் ஃபோம் டேப் கழன்று சிமெண்டுப் பால் ஒழுகிவிட்டது, அந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மணலும் ஜல்லியும் பல்லிளிக்கின்றன. மற்றபடி கையால் தடவினால் வழுவழுப்புதான்.

ஊற்றும் வேகத்தையும் வரைபடத்திலேயே எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. 3 மீட்டர் சுவரை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு 7.5 டன் அளவுக்கு அழுத்தம் வரும். பம்ப் லோரிக்காரருக்கோ எப்போதும் அவசரம்.

விரிவுரை மண்டபத்துக் கூரைக்கு முட்டுக் கோபுரம் போட்டபோது அவர்கள் இஞ்சினியர் சைட்டுக்கு வந்தார். 200 மில்லிமீட்டர் ஸ்லாப், காங்கிரீட் எடையே சதுர மீட்டருக்கு அரை டன். கோபுரத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜாக் ஸ்க்ரூவை அதிகமாக நீட்டியிருந்ததைப் பார்த்ததும், "அண்ணே, இறக்குங்க, இன்னொரு ஃப்ரேம் போடலாம்," என்று சொல்லிவிட்டு, சரிசெய்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். மதிய மழையில் மண் நொதநொதவென்று இருந்ததால், அடித்தட்டுகளுக்குக் கீழே தடிப்பலகை போடாமல் அவர் விடவில்லை. கீழ்மாடி முட்டுகளையும் சீக்கிரம் எடுக்கக் கூடாது என்றார். நியாயம்தான், ஆனால் முட்டு நிற்கிற ஒவ்வொரு நாளும் வாடகை ஓடுகிறது, ஆக அந்த அறிவுரை அவர்களுக்கும் நஷ்டமில்லை!

இனி பில். சாமான் வரும்போது அவசரமாக எண்ணுவார்கள், திரும்பிப் போகும்போது டை ராடை முடுக்கும் விங் நட்டு, பின் என்று ஒவ்வொன்றையும் எண்ணுவார்கள். காணாமல்போனதுக்குப் புதுச் சாமான் விலை. ஒட்டிய காங்கிரீட்டைச் சுரண்டத் தனிக் கூலி. பாலத்தில் நெரிசல் என்று லோரி தாமதமான நாளில் நம் ஆட்கள் சும்மா உட்கார்ந்தார்களே, அதுக்கு மட்டும் கழிவு கிடையாது.

நேர்ச் சுவர், உயரமான ஹால் என்றால் தைரியமாகக் கூப்பிடலாம். வளைவுச் சுவருக்கு வேறு இடம் பாருங்கள், இவர்களிடம் அந்தச் சாமான் இல்லை. அப்புறம், லோரியிலிருந்து இறக்கும்போதே பேனல் முகங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்கு நம்மிடம் கேட்ட காசை அந்தப் படங்களைக் காட்டிய பிறகுதான் பில்லிலிருந்து நீக்கினார்கள்.