ஃபேக்டோரியல் தொடர்கள்: உரிப்பதா, ஸ்டர்லிங்கைக் கூப்பிடுவதா?

தொடரில் ஃபேக்டோரியல் (4! = 4 × 3 × 2 × 1 மாதிரி) தெரிந்தால் விகிதச் சோதனை போட்டுப் பார், இது எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த உறுப்பை இந்த உறுப்பால் வகுத்து அதன் எல்லையைப் பார்ப்பதுதான் அது: 1-க்குக் கீழே என்றால் தொடர் ஒருங்கும், அதாவது கூட்டுத்தொகை ஓர் எண்ணில் போய் நிற்கும், 1-க்கு மேலே என்றால் விரியும், சரியாக 1 என்றால் சோதனை ஒன்றும் சொல்லாது. அந்த ஆச்சரியக்குறிகளை எப்படி ஒழிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. நான் இரண்டு வழியிலும் மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய வழிக்கே திரும்பிவிட்டேன், ஏன் என்று சொல்கிறேன். உறுப்பின் வரிசை எண்ணை ந என்று வைத்துக்கொள்வோம், 2.718-இல் தொடங்கும் அந்த எண்ணை இ என்று.

முதல் வழி உரித்தல். (ந+1)! என்றால் (ந+1) × ந!, அவ்வளவுதான், பெரியதை ஒவ்வொரு காரணியாக உரித்துச் சிறியதில் கொண்டுபோய் நிறுத்தி, மேலும் கீழும் அடித்துவிடலாம். இரண்டாவது, ஸ்டர்லிங் சூத்திரம்: ந பெரிதாக இருந்தால் ந! என்பது ஏறக்குறைய √(2 × பை × ந) × (ந/இ)^ந. 1730-இலிருந்து இருக்கிறது (வடிவம் டி மாய்வர் என்ற இன்னொரு கணிதருடையது, அந்த √(2 × பை) மட்டும்தான் ஸ்டர்லிங் கண்டது, பெயர் என்னவோ இவருக்குப் போய்விட்டது). 10! என்பது 3628800, சூத்திரம் சுமார் 3598696 தருகிறது, ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை. நல்ல கருவி, மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகம் அல்ல, போட்ட கணக்கைச் சரிபார்க்க முடிகிறதா என்பதுதான்.

(ந!)²/(2ந)! தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த உறுப்புக்கு ந இருக்கும் இடத்தில் ந+1 போட வேண்டும், அப்போது கீழே வருவது (2ந+2)!. இங்கேதான் கை தானாக (2ந+1)! என்று எழுதிவிடும், நானே ஒரு தேர்வில் எழுதிவிட்டு வந்தவன். அப்படி எழுதினால் விகிதம் (ந+1)²/(2ந+1) ஆகிறது, அது எல்லையில்லாமல் வளர்கிறது, விடை "விரியும்". சரியாக உரித்தால் (ந+1)²/((2ந+2)(2ந+1)), ஒரு (ந+1) அடிபட்டு (ந+1)/(2(2ந+1)) மிஞ்சும், அதன் எல்லை 1/4, ஆக ஒருங்கும். ஒரே ஒரு காரணி விட்டுப்போனதில் விடையே தலைகீழ்.

இதைப் பிடிக்க அரை நிமிடம் போதும். ந=1 போடுங்கள். முதல் உறுப்பு 1/2, இரண்டாவது 4/24, அதாவது 1/6, ஆக விகிதம் 1/3. சரியான சூத்திரமும் 1/3 தருகிறது. தப்பானது 4/3 தருகிறது, மாட்டிக்கொண்டது! உரித்தலில் ஒவ்வொரு வரியும் அச்சு அசலான சமன்பாடு என்பதால் எந்த ந போட்டாலும் பொருந்தியே ஆக வேண்டும்.

ஸ்டர்லிங்கில் இந்த வசதி கிடையாது. அதே தொடரின் உறுப்பு √(பை × ந)/4^ந என்று வரும். ந=1 போட்டால் சுமார் 0.443, உண்மையில் இருப்பதோ 0.5. கீழே (2ந)!-க்கு வரும் வர்க்கமூலத்துக்குள் ஒரு 2-ஐ மறந்துவிட்டுப் போட்டால் 0.627. எது தோராயத்தால் வந்த வித்தியாசம், எது நான் செய்த தப்பு? சின்ன எண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாது. இந்தக் கணக்கில் விடை மாறாது, 4^ந எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆனால் எல்லாக் கணக்கிலும் அப்படி ஒரு 4^ந காவலுக்கு நிற்காது.

சரி, ந!/ந^ந மாதிரித் தொடர்களுக்கு ஸ்டர்லிங் சுருக்கமானது, ந-ஆம் மூலம் எடுத்தால் (அதன் எல்லைக்கும் 1-தான் அளவுகோல்) 1/இ ஒரே வரியில் வந்துவிடும். உரித்தாலும் (ந/(ந+1))^ந வழியாக அதே 1/இ-தான், இரண்டு வரி கூடுதல்.

விகிதத்தின் எல்லை 1 ஆனால் உரித்தல் படுத்துவிடும் என்பார்கள். பாதி உண்மை. ந! × இ^ந/ந^ந தொடரில் விகிதம் இ/(1+1/ந)^ந, எல்லை 1, சோதனை கைவிரிக்கிறது. ஆனால் கையில் இருப்பது சரியான விகிதம் ஆயிற்றே: (1+1/ந)^ந எப்போதும் இ-க்குக் குறைவு, அதனால் விகிதம் எப்போதும் 1-க்கு மேல், உறுப்புகள் வளர்ந்துகொண்டே போகின்றன, தொடர் விரிகிறது. முடிந்தது.

மற்றப் பாதியில் ஸ்டர்லிங்தான் ஜெயிக்கிறது. (2ந)!/(4^ந × (ந!)²) தொடரில் விகிதம் (2ந+1)/(2ந+2), 1-க்குக் கீழிருந்து 1-ஐ நெருங்குகிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ராபே சோதனை (விகிதம் 1-ஐ எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று பார்ப்பது, அதில் எல்லை 1-க்குக் கீழே என்றால் விரியும்) போட்டால் எல்லை 1/2, விரியும் என்று தெரியும். ஆனால் உறுப்பை வர்க்கமாக்கிவிட்டால் ராபேயும் 1 என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. ஸ்டர்லிங் போட்டால் உறுப்பு ஏறக்குறைய 1/(பை × ந), விரிகிறது, ஒரே பார்வையில். ஆகவே நான் முதலில் உரிப்பேன், எல்லை 1 வந்து நின்றால் அப்புறம்தான் ஸ்டர்லிங்.

(ந²)! போன்றவற்றில் ஒரு படி நகர்ந்தாலே 2ந+1 காரணிகள் உரிய வேண்டும். அந்த வகை என் கைக்கு அதிகம் வந்ததில்லை. வந்த ஒன்றிரண்டில் உரிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன்.