உயில் எழுதித் தந்த வக்கீல்: 4 ஆண்டுகளுக்குப் பிறகு

உயில் எழுத நல்ல வக்கீல் யாராவது தெரியுமா என்று போன வாரம் தோழி கேட்டாள். சில மாதங்களுக்கு முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் நம்பரைக் கொடுத்திருப்பேன். இப்போது மனசு வரவில்லை.

4 ஆண்டுகளுக்கு முன் 3 பேரைப் பார்த்துவிட்டுத்தான் இவரைப் பிடித்தேன். முதல் ஆள் எல்லா வழக்கும் எடுப்பவர். படிவம் இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும் என்றார். இரண்டாமவருக்கு மணிக்கணக்கில் ஃபீஸ். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கடைசிவரை சொல்லவில்லை. இவர் உயிலும் சொத்துப் பத்திரமும் மட்டும் பார்க்கிறவர். மொத்த ஃபீஸையும் அதில் என்னென்ன அடங்கும் என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுத்தார். உள்ளூர்க்காரர் என்பதும் முக்கியம். வீடு, நிலம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சட்டம்தான் பொதுவாக அதற்குப் பொருந்தும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கூட வந்த தங்கையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். எனக்குச் சுருக்கென்றது. சொத்து யாருக்குப் போகிறதோ அவர் பக்கத்தில் இருந்தால், வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்று பின்னால் யாராவது வழக்குப் போட வழியாகிவிடும் என்று விளக்கினார். அவளைச் சாட்சியாகவும் போடக் கூடாது என்றார். பல இடங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருடைய பங்கே செல்லாமல் போய்விடும். பழைய காப்பீடு ஒன்றில் நாமினி பெயரை நான் மாற்றாமலே விட்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

அப்புறம் அந்தக் கேள்வி. உயிலை நிறைவேற்றும் பொறுப்புக்கு அண்ணன் பெயரைச் சொன்னேன். "அவர் உங்களுக்கு முன்னால் போய்விட்டால்?" என்று கேட்டார். அண்ணன் என்னைவிட 2 வயதுதான் மூத்தவர். அப்படிக் கேட்டதே பிடிக்காமல், சித்தப்பா மகன் பெயரை இரண்டாவதாகச் சொல்லி வைத்தேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அண்ணன் இறந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் உயிலை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் பெயரைப் பேனாவால் அடித்துவிடலாமா என்று தோன்றியது. கையெழுத்தான உயிலில் அப்படித் தொடக் கூடாது. திருத்தத்துக்கும் உயிலைப் போலவே சாட்சிகளோடு கையெழுத்து வேண்டும். வக்கீலுக்குப் போன் செய்தேன். குமாஸ்தா எடுத்தார், சார் கோர்ட்டில் இருக்கிறார் என்றார். மறுநாளும் அதேதான். விஷயத்தை முழுக்கச் சொன்னேன், எழுதியும் அனுப்பினேன், ஃபீஸ் தனியாகத் தருகிறேன் என்றேன். 23 நாட்கள் ஒரு பதிலும் இல்லை. துக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொரு தடவையும் "அண்ணன் தவறிட்டார்" என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

24ஆம் நாள் ஜூனியர் பேசினார். இரண்டாவது பெயர் உயிலிலேயே இருக்கிறது, பொறுப்பு தானாக அவருக்குப் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். உண்மைதான். அன்றைக்கு எனக்குப் பிடிக்காத அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதுமே! முதல் நாளே சொல்லியிருந்தால் 23 நாள் தூக்கம் கெட்டிருக்காது. சித்தப்பா மகனுக்கு அடுத்ததாக இன்னொரு பெயர் சேர்க்கும் திருத்தத்தை அந்த வாரமே முடித்தும் கொடுத்தார்கள். அரைப் பக்கம், ஒரு பிழை இல்லை.

நியாயமாகப் பார்த்தால், அவர் எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்தோடு வேலை முடிகிறது என்றுதான் இருக்கிறது. நான்தான் கேட்காமல் விட்டேன். அதனால் யாரைப் பார்த்தாலும், கையெழுத்துக்குப் பிறகு கூப்பிட்டால் யார் பேசுவார், எத்தனை நாளில் பதில் வரும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள் என்று தோழியிடம் சொன்னேன். இவ்வளவு நல்ல உயில் எழுதியவர் நம்பரை ஏன் தரமாட்டேன் என்கிறாய் என்றாள். வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன்.