லாவெண்டர் எண்ணெய் என்று ₹7,400 போச்சு: பக்கவாத நோயாளி வீட்டில் இருப்பவர்கள் கவனம்

புதுச்சேரியில் இயற்கை வாசனை எண்ணெய் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை. போன சனிக்கிழமை அங்கே கொடுத்தது ₹7,400. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை, கால். பிசியோதெரபிஸ்ட் எழுப்பி நிறுத்தினாலே விழுந்துவிடுவோம் என்று நடுங்குகிறார், பயிற்சி பாதியில் நின்றுவிடுகிறது. விழுந்த கையை லாவெண்டர் தூக்கிவிடாது, தெரியும். பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுப் பக்கத்தில் வைத்தால் பதற்றம் கொஞ்சம் தணியுமா என்றுதான்.

கடைக்காரர் எடுத்ததுமே கேட்டார்: "வலது பக்கமா? அப்போ பேச்சும் குழறுதுங்களா?" அங்கேதான் விழுந்தேன். மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கை காலோடு பேச்சும் போகலாம் என்று தெரிந்தவர் தப்பான சரக்கா தருவார்? முகரக் கொடுத்த சாம்பிள் நல்ல லாவெண்டர்தான். லேமினேட் செய்த லேப் ரிப்போர்ட் வேறு. லாவெண்டர் 2, பெர்கமோட் (எலுமிச்சை வகைப் பழத்தோல் எண்ணெய்) 1, தேய்க்க ஒரு "நரம்புக் கலவை", ஆவி விடும் மெஷின். ஜிபேயில் ₹7,400.

கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டேன். நல்ல லாவெண்டர் என்றால் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் வடை மடித்த பேப்பர் மாதிரி எண்ணெய் வட்டம். பழுப்புக் கண்ணாடி என்று நினைத்த பாட்டிலை நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் உரிகிறது. ரிப்போர்ட்டில் ஒரு பேட்ச் எண், பாட்டிலில் வேறு.

கலவைதான் கொடுமை. லேபிளில் என்னென்ன சேர்த்தது என்றே இல்லை, திறந்தால் வலித் தைல வாடை. வலித் தைலங்களில் சேர்க்கும் விண்டர்கிரீன் எண்ணெயாகத்தான் இருக்கும். அதிலிருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தேய்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். நான் முகர்ந்து பார்ப்பதற்குள் வேலைக்கு வரும் அக்கா வலது கையில் தேய்த்தாயிற்று. மரத்த கை, எரிந்தது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. குளிப்பாட்டும்போதுதான் சிவந்த திட்டுகள் கண்ணில் பட்டன.

போன் செய்தால், "சீல் உடைச்சிட்டீங்களே சார்." மறுநாள், "கடலூர் உப்புக் காத்துக்கு வாசனை இறங்கத்தான் செய்யும்." மூடிய பாட்டிலுக்குள் என்ன உப்புக் காற்று? அப்புறம், "ஓனர்கிட்ட பேசுங்க." ஓனர் நம்பர் மட்டும் தர மாட்டார். இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுவதோடு சரி. ₹7,400 சார்!

சொல்ல வந்தது: லேபிளில் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயரும் பேட்ச் எண்ணும் இல்லையா, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தேய்ப்பதானால் 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். அதையும் முதலில் உணர்ச்சியுள்ள கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். வலிப்பு வந்தவர்களுக்குக் கற்பூரம், யூகலிப்டஸ் கூடாது. பெர்கமோட் தடவி வெயிலில் உட்கார வைக்காதீர்கள். மீதியை எழுதப் பொறுமை இல்லை.

பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை, இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.